செப்சிஸ்: யார் பிழைப்பார் என்று மதிப்பெண் சொல்லுமா?

2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4.89 கோடிப் பேரைச் செப்சிஸ், அதாவது தொற்றினால் உறுப்புகள் பழுதாகும் நிலை, தாக்கியது. 1.1 கோடிப் பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டில் உலகில் நிகழ்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று இந்தக் கணக்கில் வருகிறது. 2020இல் லான்செட் இதழ் வெளியிட்ட இந்த மதிப்பீட்டின்படி, நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேர் வசதி குறைந்த, நடுத்தர நாடுகளில் வாழ்பவர்கள். ஐந்தில் இரண்டு பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு" என்று டாக்டர் சொன்னதும் வார்டு வாசலில் நிற்கும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "பொழைச்சுடுவாங்களா சார்?" என்பதுதான். இதற்கு எண்ணால் பதில் சொல்ல மருத்துவம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவருகிறது. எண்கள் குவிந்துவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செப்சிஸ் அதிகம் கொல்லும் இடங்களில் பிறந்தவை அல்ல. கடன் வாங்கிய சட்டையைப் போல அவை தோளில் இறுக்குகின்றன, கையில் தொங்குகின்றன.

தொடக்கம் அமெரிக்காவில். வில்லியம் நாஸ் என்ற மருத்துவரின் குழு 1981இல் 'அப்பாச்சி' என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டது. 1985இல் அதைச் சுருக்கி 'அப்பாச்சி 2' ஆக்கியது. பன்னிரண்டு அளவீடுகள், வயது, நாட்பட்ட நோய்கள் எல்லாம் சேர்ந்து மொத்தம் 71 மதிப்பெண். அடுத்து 1996இல் பெல்ஜியத்தின் ழான்-லூயி வின்சென்ட் தலைமையில் 'சோஃபா' வந்தது. நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறு உறுப்புகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2016இல் 'செப்சிஸ்-3' என்று அழைக்கப்படும் புதிய வரையறை சோஃபாவையே அளவுகோலாக்கியது: தொற்று இருந்து, சோஃபா மதிப்பெண் குறைந்தது இரண்டு கூடினால் அது செப்சிஸ். அப்படிக் கூடியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறப்பதாக அப்போது கணக்கிட்டார்கள்.

சோஃபா கேட்பவற்றை ஒரு தாலுகா மருத்துவமனையின் இரவு டூட்டியில் வைத்துப் பாருங்கள். நுரையீரலுக்குத் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு வேண்டும். ஏபிஜி கருவி இருக்காது. இருந்தாலும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருக்கும். பிலிரூபினும் கிரியாட்டினினும் காலையில் லேப் திறந்த பிறகுதான். தட்டணுக்கள் ஒருவேளை கிடைக்கலாம். கிடைக்காதவற்றை என்ன செய்வது? பல ஆய்வுகளில் வழக்கமாகச் செய்வது, அளக்காததை இயல்பு என்று வைத்துக்கொண்டு பூஜ்யம் போடுவது. பாஸ்டனில் இது பெரிய பிழையாகாது. அங்கே சந்தேகம் உள்ள எல்லோருக்கும் சோதனை நடந்துவிடும், நடக்காதவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இங்கே சோதனை நடக்காததற்குக் காரணம் நோயாளி நலமாக இருப்பது அல்ல, கருவி இல்லாதது. ஆக, வசதி குறையக் குறைய நோயாளி தாளில் நலமாகிக்கொண்டே போகிறார்.

இதைவிடப் பெரிய கோணல் ரத்த ஓட்டப் பகுதியில் இருக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் 70க்குக் கீழே போனால் ஒரு மதிப்பெண். அதற்கு மேல் மதிப்பெண் கூட வேண்டுமானால் நோயாளிக்கு நார்அட்ரினலின் போன்ற மருந்து ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அளவு கூடினால் 3, 4 என்று ஏறும். ஐசியூவில் படுக்கை இல்லாமல், பம்ப் இல்லாமல், வராந்தாவில் வெறும் சலைன் ட்ரிப்போடு கிடப்பவருக்கு அழுத்தம் 60 என்றாலும் ஒரு மதிப்பெண்தான். அதே அழுத்தத்தோடு பக்கத்து ஊர்த் தனியார் ஐசியூவில் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு மூன்றோ நான்கோ. இருவரில் யார் ஆபத்தில் இருக்கிறார் என்று கேட்டால் ஹவுஸ் சர்ஜன் கூடச் சரியாகச் சொல்வார். சோஃபா மாற்றிச் சொல்லும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுபோல் தோன்றியது 'கியூ சோஃபா'. லேப் வேண்டாம், மூன்றே கேள்விகள்: நிமிடத்துக்கு 22 மூச்சு அல்லது அதற்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழா, நினைவு தடுமாறுகிறதா? மூன்றில் இரண்டு 'ஆம்' என்றால் ஆபத்து. செப்சிஸ்-3 வரையறையோடு சேர்ந்தே வந்த இதற்கான மூலத் தரவு தென்மேற்குப் பென்சில்வேனியாவின் மருத்துவமனைகளில் இருந்து எடுக்கப்பட்டது. ஏழை நாடுகளில் இது எடுபடுமா என்று பார்க்க, 10 நாடுகளின் 6,500க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. மதிப்பெண் ஏற ஏறச் சாவும் ஏறியது உண்மை. ஆனால் பிரித்துக்காட்டும் திறன் சுமார்தான், ஏயூசி 0.70. இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நூற்றுக்கு எழுபது தடவை இறந்தவருக்கு அதிக மதிப்பெண் இருக்கும் என்பது இதன் பொருள். ஐம்பது என்றால் பூவா தலையா. 2021இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல், கியூ சோஃபாவை மட்டும் வைத்து நோயாளிகளைச் சலிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மூன்று கேள்விகளில் எளிதாகத் தெரிவது மூச்சு எண்ணிக்கை. கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று தெரியும். பக்கம் பக்கமாக 18, 20, 20, 22. அறுபது நொடி வாட்சைப் பார்த்து நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு நேரம் ஏது? ஒரு வார்டுக்கு இரவில் ஒருவரோ இருவரோ இருக்கும்போது பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவதோ, கண்ணால் பார்த்து ஒரு எண்ணைப் போடுவதோதான் நடக்கும். அப்படிப் பெருக்கினால் விடை 16, 20, 24, 28 என்று நான்கு நான்காகத்தான் தாவும்; 22 என்ற எண் அதில் வரவே வராது. ஒரு மூச்சைக் கூட்டியோ விட்டோ எண்ணினால் நோயாளி கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவார். பென்சில்வேனியாவின் பதிவேட்டில் கணினி வரைந்த கோடு, இங்கே நர்ஸின் ஒற்றை மூச்சுக் கணக்கில் நிற்கிறது. இதற்காக நர்ஸைக் குறை சொல்வது அபத்தம். அளவீட்டின் பிழையைக் கணக்கில் எடுக்காமல் கோடு வரைந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆக்சிஜன் அளவும் அப்படித்தான். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் கறுப்புத் தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது. 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதை வைத்துச் செப்சிஸின் தீவிரத்தை அளக்கும் ஒரு முறையைப் பாரிஸில் உருவாக்கினார்கள். பார்வைக்கு அழகான முறை. நம் தோலில் அந்தத் திட்டு தெரிவதே பெரும்பாடு.

ஏழை மருத்துவமனைகளுக்குள்ளேயே பிறந்த அளவுகோல்கள் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானவை. மலாவியின் பிளாண்டயர் நகர மருத்துவமனையில் 2013இல் ஒரு குழு உருவாக்கியது இது: ஆணா, உடல் மெலிந்து எலும்பும் தோலுமாக இருக்கிறாரா, எழுந்து நடக்க முடிகிறதா, உடல் வெப்பம் மிகக் கூடியோ குறைந்தோ உள்ளதா, ரத்த அழுத்தம் குறைவா? 'எழுந்து நடக்க முடிகிறதா' என்ற கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், எண்ணத் தெரிய வேண்டாம். ஆட்டோவில் இருந்து தூக்கி இறக்கினார்களா, தோளைப் பிடித்து நடந்து வந்தாரா என்று வாசலில் நிற்கும் வார்டு பாயே சொல்லிவிடுவார். மூளை, தசை, ரத்த ஓட்டம், ஊட்டம் நான்கையும் ஒரே கேள்வியில் அளந்துவிடுகிறது அது.

2017இல் வெளிவந்த 'யூவிஏ' மதிப்பெண் இன்னும் அகலமானது. காபான், மலாவி, சியரா லியோன், தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் 5,573 நோயாளிகளை வைத்து உருவானது. வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, மேல் அழுத்தம், ஆக்சிஜன், நினைவு நிலை, இவற்றோடு எச்.ஐ.வி. இருக்கிறதா என்ற கேள்வி. மொத்தம் 13இல் நினைவுத் தடுமாற்றத்துக்கு மட்டும் 4. காய்ச்சலுக்கு மதிப்பெண்ணே இல்லை. உடல் 36 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் 2. வார்டில் பல காலம் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். கொதிப்பவரைவிட ஜில்லிட்டவரைப் பார்த்துத்தான் அவர்கள் பயப்படுவார்கள். இதன் ஏயூசி 0.77, அதே நோயாளிகளிடம் கியூ சோஃபா எடுத்தது 0.69.

தெற்காசியாவுக்கென்றும் ஒன்று உண்டு. இலங்கை, இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் 21 ஐசியூக்களில் 3,855 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, இலங்கையைச் சேர்ந்த ரஷான் ஹனிஃபாவும் உடனிருந்தவர்களும் 2017இல் வெளியிட்ட 'ட்ராபிக்ஸ்'. செப்சிஸுக்கு மட்டுமானது அல்ல, ஐசியூவுக்கு வரும் எல்லோருக்குமானது. அவசர அறுவை சிகிச்சையா, மூச்சு எண்ணிக்கை, மேல் அழுத்தம், நினைவு நிலை, ரத்த யூரியா, ஹீமோகுளோபின் என்று ஆறே தகவல். கிரியாட்டினின் கூட இல்லை, யூரியாவே போதும் என்று விட்டிருக்கிறார்கள். இந்த ஆறும் 0.767 எடுத்தன, பன்னிரண்டு அளவீடுகள் கேட்கும் அப்பாச்சி 2, அதே நோயாளிகளிடம் 0.707தான் எடுத்தது. தன் சொந்த ஆட்களிடமே ஒரு மதிப்பெண்ணைச் சோதித்தால் அது சற்று நன்றாகவே தெரியும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், எளிய தகவல் தோற்கவில்லை என்பது தெளிவு.

இங்கே ஒரு புலம்பல். நம் மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளில் செப்சிஸுக்குத் தனி மவுசு உண்டு. ஐம்பது அல்லது நூறு நோயாளிகள், ஒரே மருத்துவமனை, ஏதாவது ஒரு ரத்தச் சோதனை: வெள்ளணு விகிதம், லாக்டேட், ஆல்புமின், புரோகால்சிட்டோனின். இறந்தவர்களிடம் அந்த எண் கூடவோ குறையவோ இருக்கும்; அதே நூறு பேரின் தரவிலேயே சிறந்த கோட்டையும் தேர்ந்தெடுத்து, 'நல்ல முன்கணிப்புக் குறி' என்று முடிப்பார்கள். அடுத்த ஆண்டு வரும் நூறு பேரிடம் அந்தக் கோடு நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இத்தனை உழைப்பையும் ஒரே படிவத்தில் ஒரே அளவீடுகளாகச் சேர்த்திருந்தால், தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தரவுத் தளம் இந்நேரம் கையில் இருந்திருக்கும்.

பிரித்துக்காட்டுவது ஒரு திறமை. 'இந்த மதிப்பெண் எடுத்தவர்களில் இத்தனை சதவீதம் இறப்பார்கள்' என்று சரியான எண்ணைச் சொல்வது வேறு திறமை. இரண்டாவதுதான் ஊர் மாறும்போது முதலில் உடைகிறது. 2024இல் குழந்தைகளுக்கென வந்த 'ஃபீனிக்ஸ்' அளவுகோல் இதை அப்பட்டமாகக் காட்டியது. பாராட்ட வேண்டிய விஷயம், இதன் தரவில் அமெரிக்காவோடு வங்கதேசம், கென்யா, கொலம்பியா, சீனா ஆகியவையும் இருந்தன. அதே இரண்டு மதிப்பெண் கோட்டைத் தாண்டிய குழந்தைகளில் வசதியுள்ள மருத்துவமனைகளில் இறந்தவர்கள் 7.1 சதவீதம், வசதி குறைந்தவற்றில் 28.5 சதவீதம். ஒரே கோடு, நான்கு மடங்கு சாவு. மீதியை ஊட்டச்சத்து, எத்தனை நாள் கழித்து வந்தது, எந்த மருந்து இருந்தது, வென்டிலேட்டர் இருந்ததா என்பவை தீர்மானிக்கின்றன. மதிப்பெண் குழந்தையின் உடலை மட்டும் அளக்கிறது. பிழைப்பது கட்டடத்தையும் பொறுத்தது.

நோய்க் காரணமும் மதிப்பெண்ணுக்குத் தெரியாது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் குளிர்மாதங்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வருபவரின் அக்குளிலோ, தொடையிடுக்கிலோ, பெண்களானால் மார்பகத்தின் அடியிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த ஒரு பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியைச் சுமந்த சிற்றுண்ணி கடித்த இடம் அது. வழக்கமாக முதலில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்கிளினோ அசித்ரோமைசினோ வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் முன்முயற்சியில் இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே மேல் என்று நிறுவியது. சாவு, ஏழாம் நாளிலும் நீங்காத சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டு மருந்தில் 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48. ஒரே சோஃபா மதிப்பெண்ணோடு பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடக்கும் இருவரில், சட்டையைக் கழற்றிப் பார்க்கப்பட்டவருக்கும் பார்க்கப்படாதவருக்கும் விதி வேறு. வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் இதே இடத்தை மெலியோய்டோசிஸ் பிடித்திருக்கிறது. சர்க்கரை நோயுள்ள விவசாயிகளை மண்ணிலிருந்து தாக்கும் கிருமி, அதற்கும் வேறு மருந்து. ஜாம்பியாவின் லுசாகாவில் எச்.ஐ.வி.யும் காசநோயும்.

லுசாகா என்றதும் அந்த ஆய்வைப் பேசாமல் நகர முடியாது. 2001இல் டெட்ராய்ட் நகரில் எமானுவேல் ரிவர்ஸ் குழு, செப்சிஸ் நோயாளிகளுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் கட்டுக்கோப்பாகத் திரவமும் மருந்தும் ரத்தமும் கொடுத்து, சாவை 46.5இலிருந்து 30.5 சதவீதத்துக்குக் குறைத்ததாக எழுதியது. உலகமே அதைப் பின்பற்றியது. பின்னாளில் பணக்கார நாடுகளில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்த நன்மை தென்படவில்லை என்பது தனிக் கதை. லுசாகாவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதே எண்ணத்தை எளிமைப்படுத்தி, ரத்த அழுத்தம் விழுந்த 209 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; முடிவு 2017இல் வந்தது. பத்தில் ஒன்பது பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். முறைப்படி முதல் ஆறு மணி நேரத்தில் சராசரியாக மூன்றரை லிட்டர் திரவம் பெற்றவர்களில் 48.1 சதவீதம் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில், இரண்டு லிட்டர் பெற்றவர்களில் 33 சதவீதம்தான். அதற்கு முன்பே 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு இதே அதிர்ச்சியைக் கொடுத்திருந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் பத்தரை சதவீதம் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3.

முன்கணிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு. மதிப்பெண் 'ஆபத்து' என்று சொன்னதும் ஏதோ ஒன்று செய்யப்படுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' வென்டிலேட்டரும் ஐசியூவும் பின்னால் நிற்கும் இடத்தில் உருவானது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் தூக்கி நிறுத்த அங்கே ஆளிருக்கிறது. இங்கே இல்லை. சரியாகக் கணித்து, தவறாகச் சிகிச்சை செய்தால், கணிக்காமல் இருந்ததைவிட மோசம். ஆகவே ஒரு மதிப்பெண்ணின் ஏயூசி எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. அது கூடியதும் இந்த வார்டில் என்ன நடக்கும், யார் செய்வார், அது நோயாளிக்கு நல்லதா என்பதே முதல் கேள்வி. என் பார்வையில் இந்தத் துறையின் பெரும்பாலான கட்டுரைகள் இரண்டாம் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காய்ச்சலோடு சேர்ந்த நூறு பேரில் பத்துப் பேர் இறக்கப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் 35 பேரைச் சுட்டிக்காட்டி, அதில் ஏழு பேரைப் பிடிக்கிறது; மூன்று பேரைக் கோட்டை விடுகிறது. ஆய்வுத்தாளில் இது நல்ல மதிப்பெண். வார்டில் 35 பேரையும் அரைமணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமானால் இரவில் எத்தனை நர்ஸ் வேண்டும்? இரண்டே பேர் இருந்தால் எச்சரிக்கை காகிதத்தோடு நின்றுவிடும். கோட்டை உயர்த்திப் பன்னிரண்டு பேரை மட்டும் சுட்டினால், பிடிபடுவது நான்காகக் குறையலாம். ஆனால் அந்த நான்கு பேரிடம் உண்மையிலேயே ஒருவர் போய் நிற்பார். எங்கே கோடு போடுவது என்பதைப் புள்ளியியல் மட்டும் சொல்ல முடியாது; டூட்டி ரோஸ்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

ஆள் நிற்பதன் பலனை உகாண்டா காட்டியிருக்கிறது. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையிலும் மசாகாவிலும் 2006இல் கடுமையான செப்சிஸ் வந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் 45.7 சதவீதம் இறந்தார்கள். 2008-09இல் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள். செப்சிஸ் நோயாளிகளுக்கென்றே ஒரு மருத்துவ அலுவலர், முதல் ஆறு மணி நேரம் அவர்களைக் கண்காணித்துத் திரவமும் ஆன்டிபயாட்டிக்கும் அளந்து கொடுப்பார். சாவு 33 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு காலகட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழுப் பெருமையையும் அதற்கே கொடுக்க முடியாது. லுசாகாவில் திரவம் கொன்றது, கம்பாலாவில் எப்படிக் காத்தது என்ற கேள்விக்கு, அருகில் நின்று பார்த்துக்கொண்டே கொடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அருகில் நிற்பவருக்கு எந்தக் கருவி கொடுக்கலாம்? தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான 'ஆந்த்ரோமெடா-ஷாக்' ஆய்வு ஒரு பதிலைத் தந்தது. லேபில் இருக்கும் சாதாரணக் கண்ணாடி ஸ்லைடை நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியில் பத்து நொடி அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்த விரல் பழைய நிறத்துக்குத் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை. அரைமணிக்கு ஒருமுறை இதைப் பார்த்துச் சிகிச்சையை நடத்திய குழுவில் 34.9 சதவீதம் இறந்தார்கள். லாக்டேட் சோதனையை வைத்து நடத்தியதில் 43.4. புள்ளியியல் வரம்பை இந்த வேறுபாடு நூலிழையில் தவறவிட்டது. இருந்தாலும், விலை கூடிய சோதனைக்கு விரல் நுனி சளைத்ததல்ல என்பதற்கு இது போதும்.

கூட இருக்கும் சொந்தக்காரரையும் ஒரு கருவியாகவே கருதலாம். "ராத்திரியிலேர்ந்து ஏதேதோ பினாத்துறாங்க", "என்னையே யாருன்னு கேக்குறாங்க", "நேத்து சாயங்காலத்துக்கப்புறம் மூத்திரமே போகல" என்று மகளோ மருமகளோ சொல்வது, நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவும் சிறுநீர்க் கணக்கும்தான். முன்பின் தெரியாத மூதாட்டி பதில் சொல்லத் தாமதித்தால் அது காது கேளாமையா, மூளைத் தடுமாற்றமா என்று டூட்டி டாக்டருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும். இந்த மதிப்பெண்கள் எதிலும் அவளுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று இப்போது பேச்சு. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய 'எபிக்' நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பை மிஷிகன் பல்கலைக்கழகக் குழு தங்கள் 27,697 நோயாளிகளிடம் சோதித்து 2021இல் எழுதியது. ஏயூசி 0.63, செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரைக் கோட்டை விட்டது, அதேநேரம் சேர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மணியடித்தது. எல்லா அளவீடும் கணினியில் ஏறும் ஊரிலேயே இந்தக் கதி. 20, 20, 22 என்று நிரப்பிய கேஸ் ஷீட்டைக் கொடுத்தால் எந்த நுண்ணறிவும் அதையே திருப்பிக் கொடுக்கும்.

கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஒரே வென்டிலேட்டருக்கு இருவர் காத்திருக்க, மதிப்பெண் கூடியவருக்கு 'இனி பலனில்லை' என்று கொடுக்காமல் விட்டால் அவர் இறப்பார். தரவில் மதிப்பெண் சரியாகக் கணித்ததாகப் பதிவாகும். யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு இந்த எண்கள் உதவும். யாரைக் கைவிடுவது என்பதற்கு, தனி ஒருவர் விஷயத்தில், இவற்றில் எதற்கும் தகுதியில்லை.

மிச்சமிருப்பது, இத்தனை ஆய்வுகளும் கணிக்க முயலும் 'முடிவு' எது என்ற கேள்வி. பெரும்பாலானவை 'மருத்துவமனையில் மரணம்' என்று எடுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் கைமீறிப்போன நோயாளியைக் குடும்பம் பெரும்பாலும் அங்கேயே விடுவதில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோயிடுறோம் சார், மூச்சு வீட்டுல போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டு, ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்சில் ஏற்றுவார்கள். சிலருக்குக் காரணம் வழக்கம். பலருக்குக் கையிலிருந்த காசு தீர்ந்தது. கேஸ் ஷீட்டில் 'ஆலோசனையை மீறி வெளியேறினார்' என்று இருக்கும், மரணம் என்று இருக்காது. வாசலைத் தாண்டும்போது அவர் உயிரோடு இருந்தார் என்பதால் அவரைப் பிழைத்தவர் பட்டியலில் சேர்க்கும் ஆய்வும், மொத்தமாகத் தூக்கி எறியும் ஆய்வும் ஒரே அளவுக்குப் பொய்யானவை. மிக மோசமானவர்களே தரவிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணோ அவர்களைப் பற்றிப் பேசத்தான் உருவானது.

நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கதையும் வாசலோடு முடிவதில்லை. தென்மேற்கு உகாண்டாவில் தொற்றோடு சேர்ந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் இறந்தவர்கள் 5 சதவீதம். வீடு திரும்பிய 1,242 குழந்தைகளில் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4.9 சதவீதம், ஏறக்குறைய அதே அளவு. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி மருத்துவமனைக்கு வராமலே வீட்டில் இறந்தார்கள். யாருக்கு இந்த ஆபத்து என்று சொன்னவற்றில் ஒன்று, மேற்கையின் நடுச் சுற்றளவு. அங்கன்வாடியில் இருக்கும் நாடாவே அதற்குப் போதும்.

தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் செப்சிஸை ஆராய்ந்தவர்கள், வீடு திரும்பிய நோயாளிகளின் நிலையை 28ஆம் நாள் தொலைபேசியில் கேட்டறிந்து பதிந்தார்கள். அங்கும் இறுதி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு. நம் மருத்துவமனைகளில் சேர்க்கும்போதே உறவினரின் கைபேசி எண் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த எண்ணை 28ஆம் நாள் அழைத்து, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டு எழுதிவைக்க ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் போதும்.